விபத்தில்லாத ஐந்நூறு நாட்கள்

விரல் போனால் விரலைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம். பேனாவைத் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். நம்ம ஆள் இரண்டாவது ரகம். எந்த ஊருக்குப் போனாலும் இருப்பார், எந்த ஆபீஸிலும் இருப்பார்.

இவர் இருந்தது கதவு, ஜன்னல் செய்யும் மரப்பட்டறையில். சூப்பர்வைசர். வாசலில் ஒரு கரும்பலகை, அதில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று பெயிண்டில் எழுத்து, பக்கத்தில் சாக்பீஸில் ஓர் எண். தினமும் காலையில் வந்ததும் பழைய எண்ணை ஈரத்துணியால் துடைத்து, புதிய எண்ணை எழுதி, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, பெற்ற பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல் பார்ப்பார். பட்டறையில் அவருக்குப் பெயரே 'பலகை'.

அங்கே மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்துக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. கை உள்ளே போகாமல் இருக்க, அரசாங்கம் சட்டம் போட்டு மாட்டவைத்த மூடி. அதை நம்ம பலகை கம்பி கட்டி மேலே தூக்கி வைத்திருந்தார். இறக்கினால் வேலை மெதுவாகிறதாம். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கம்பியை அவிழ்த்து இறக்குவார். அன்றைக்கு மூடிக்குப் பவுடர் பூசாத குறைதான்.

அப்படியென்றால் யாருக்கும் அடியே படவில்லையா? ஏன் படாமல்? மூன்று பேருக்கு வெட்டு. மூன்று காயப் படிவத்திலும் பலகையின் கையெழுத்தில் ஒரே காரணம்: 'வீட்டில் காய் நறுக்கும்போது.' வீட்டில் நடந்ததற்குப் பட்டறைப் பலகை என்ன செய்யும்?

மூன்றாவது ஆள் அவருடைய மனைவியின் தம்பி. ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. கட்டோடு வந்து நின்று கெஞ்சினான்.

"மாமா, அந்த மூடியை இறக்கிடுங்க. அடுத்தவன் கையாவது தப்பட்டும்."

"ஐந்நூறு ஆகட்டும்டா. அப்புறம் பார்த்துக்கலாம்."

ஐந்நூறாவது நாள் முதலாளியே வந்து கேடயம் கொடுப்பதாகப் பேச்சு.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது நாள், சிக்கிய மரச்சில்லை எடுக்கிறேன் என்று ஓடுகிற ரம்பத்தில் பலகையே கையை விட்டார். வலது கட்டைவிரல் பாதி அறுந்து தொங்கியது. மச்சினன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். மனைவியும் வந்து சேர்ந்தாள்.

டாக்டர் கேட்டார், "எதுல வெட்டுச்சு? சரியா சொன்னாத்தான் விரலைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

பலகை கண்ணை மூடினார். உள்ளேயும் 499 தெரிந்தது.

"வீட்டுல... காய் நறுக்கும்போது."

"இவரா?" என்றாள் மனைவி. "எங்க வீட்டுல கத்தி எங்க இருக்குன்னே இவருக்குத் தெரியாதே."

மச்சினன் தன் அரை விரலைத் தூக்கிக் காட்டினான். "எழுதிக்குங்க டாக்டர். எங்க குடும்பத்துல எல்லாரும் ஒரே காயைத்தான் நறுக்குறோம்."

டாக்டர் இடுக்கியால் காயத்திலிருந்து மரத்தூளை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இது என்ன காய், தேக்கா?"

சீட்டில் 'ரம்பம்' என்று எழுதித் தையல் போட்டு அனுப்பினார். விரல் நிற்குமா என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியுமாம். பலகை அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பட்டறைப் படிவத்தில் இடது கையால் வழக்கமான காயை நறுக்கினார்.

மறுநாள் கரும்பலகையில் 500, கோணல் மாணலாக. முதலாளி வந்தார். மூடி சமர்த்தாக இறங்கியிருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, இடது கையால் கேடயம் வாங்கி, போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார் பலகை. கைதட்டல் கொஞ்சம் மெலிசாகத்தான் கேட்டது. விரல்கள் குறைச்சல் அல்லவா?

முதலாளியின் கார் தெருமுனை திரும்பியதும் பலகை கம்பியை எடுத்தார். மூடியைத் தூக்கினார். கம்பியை முறுக்க வரவில்லை.

"இப்படி வந்து கொஞ்சம் பிடிடா" என்று மச்சினனைக் கூப்பிட்டார்.

அவன் வந்தான். கம்பியை வாங்கினான். சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"இதுக்கு ரெண்டு கட்டைவிரலும் வேணும் மாமா."

மூடி தானாக இறங்கி உட்கார்ந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள். வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறதா, போலீஸைக் கண்டதும் மாட்டிக்கொள்ள வசதியாக? சரி சரி. உங்கள் பலகையில் இன்றைக்கு எத்தனையாவது நாள்?