மைனஸ் நூறு கிராம் பூனை

நாமக்கல் வட்டாரத்தில் வயிறு என்று ஒன்றை வைத்துக்கொண்டு தீவனத்தண்ணனை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. கோழியாக இருந்தாலும் சரி, கோழிப் பண்ணை முதலாளியாக இருந்தாலும் சரி, எதிரில் வந்து நின்ற அரை நிமிடத்தில் முந்தின நாள் என்ன தின்றார், அது இப்போது உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். மெதுவாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. மோகனூர் போகும் சாலையில் இருக்கும் கோழித் தீவன மில்லில் கலவைப் பிரிவுக்கு அவர்தான் எல்லாம். நான் அங்கே டெஸ்பாட்ச் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பண்ணைக்காரர்கள் கோழி எச்சத்தைத் தாளில் மடித்து, கோயில் விபூதியைக் கொண்டுவருகிற பக்தியோடு அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அண்ணன் பிரிப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், "உப்பு கூடிப்போச்சுங்க" என்பார். போய்ப் பார்த்தால் உப்பு கூடித்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்க முடியாமல் தவித்தேன்.

ஒருமுறை மிஷின் விற்பதற்காக வெளியூரிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்தார். முதலாளி அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க சார், ராத்திரி பரோட்டாவுங்களா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"மூணு நாளா செரியாப் போகலியாட்ட இருக்குதுங்க. மொகம் சொல்லுதுங்க."

கோட்டுக்காரர் சிவந்துபோனார். ஆனால் மிஷினைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அண்ணனைத் தனியாக வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனதையும் நாங்கள் பார்த்தோம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒற்றை உயிர் என்றால் மட்டும் இளக்காரம். யாராவது நாய் வளர்ப்பதாகச் சொன்னால் சிரிப்பார். "ஒன்னே ஒன்ன வளக்கறதெல்லாம் பொழுதுபோக்குங்க அம்மிணி. பத்தாயிரம் உருப்படி இருந்தாத்தான் அது வளப்பு. ஒன்னு ரெண்டு போறதும் வாரதும் அதுல தெரியாதுங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் அப்படிச் சொன்ன அடுத்த மாதம் கர்நாடகப் பக்கமிருந்து மக்காச்சோள லோடு வந்தது. பாதி மூட்டை இறக்கியதும் லாரிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மூட்டைச் சந்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி. எங்கே ஏறியது என்று டிரைவருக்கே தெரியவில்லை. தாயும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. எல்லோரும் சுற்றி நின்று ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் குனிந்து அதன் கழுத்தடியைத் தடவிப் பார்த்தார்.

"தீனிப்பை காலியா இருக்குதுங்க" என்றார்.

பூனைக்குத் தீனிப்பை கிடையாது, அது கோழிக்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். "அது என்ன கருமமோ, காலியா இருக்குது" என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். குட்டி அந்த நிமிடத்திலிருந்து மில்லின் ஆள்.

முப்பது வருடமாகக் கோழிக்குஞ்சுகளைக் கரை சேர்த்தவருக்கு வேறு எந்த முறை தெரியும்? ஒரு கூடையில் உமி பரப்பினார். மேலே அறுபது வாட்ஸ் பல்பு கட்டித் தொங்கவிட்டார். பண்ணையில் வந்து இறங்கும் குஞ்சுகளுக்கு முதல் நாள் கொடுக்கிற வெல்லத் தண்ணீரை ஒரு மூடியில் வைத்தார். பழைய செய்தித்தாளை விரித்துக் குஞ்சுத் தீவனத்தைத் தூவினார். குஞ்சென்றால் ஓடிவந்து கொத்தும். குட்டி தீவனத்தை மோந்து பார்த்தது, காலால் பிராண்டியது, அதன் மேலேயே உட்கார்ந்து ஒன்றுக்குப் போனது.

மில் கேண்டீனைப் பார்த்துக்கொள்ளும் சரசக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பூனைன்னா பாலு குடிக்கோணுமுங்க. இதக்கூடவா படிச்சுப்போட்டு வரோணும்?" என்று டீக்கு வைத்திருந்த பசும்பாலை ஒரு கிண்ணம் ஊற்றினார். குட்டி நக்கி நக்கிக் கிண்ணத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டது. சரசக்கா வெற்றிப் பெருமிதத்தோடு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

மறுநாள் காலை கூடையைப் பார்த்தபோது அந்தப் பெருமிதம் போன இடம் தெரியவில்லை. உமியெல்லாம் தண்ணீராக இருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார். "பாலு ஒத்துக்கலீங்க. தயிரு குடுப்போம்" என்றார். தயிருக்கும் நிற்கவில்லை. "புரதம் கம்மியாட்ட இருக்குது" என்று மூன்றாம் நாள் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. நான்காம் நாள் அரிசிக் கஞ்சியில் கருவாட்டுத் தூள். ஒவ்வொரு காலையும் குட்டியின் வயிற்றுக்குப் புதிதாக ஒரு கலவை, அதற்கு ஒரு காரணம், ஒரு குட்டிச் சொற்பொழிவு. குட்டியோ என்ன வைத்தாலும் தின்றது, தின்றதையெல்லாம் தண்ணீராக்கித் திருப்பிக் கொடுத்தது.

ஐந்தாம் நாள் காலை ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். அண்ணன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு சத்தம் போட்டார். "ஏனுங்க, புத்தி இருக்குதுங்களா? நேத்து வரைக்கும் ஒரு தீவனம், இன்னைக்கு டக்குன்னு வேறயா? மொதல்ல கால் பங்கு கலக்கோணும், அப்புறமேல்ட்டு அரைப் பங்கு, ஒரு வாரம் கழிச்சுத்தான முழுசா மாத்தோணும்? வாயில்லாச் சீவனுங்க அது. அது வயிறு என்னத்துக்கு ஆகும்?" இவ்வளவையும் பேசிக்கொண்டே இரண்டு கையாலும் குட்டிக்கு இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் எடை போடும் வைபவம் ஒன்று தினமும் நடந்தது. மில்லில் இருந்தது மூட்டை எடை போடும் எலக்ட்ரானிக் தராசு. குட்டியை நேராக அதில் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. "தகடு சில்லுனு இருக்குதுங்க அம்மிணி, வயிறு புடிச்சுக்கும்" என்றார். அதனால் முதல் நாள் தான் மட்டும் ஏறி நின்றார். அறுபத்தெட்டு கிலோ. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அறுபத்தெட்டரை. ஆக, குட்டி ஐந்நூறு கிராம். அன்றிலிருந்து தினமும் குட்டியோடு ஏறுவது, வந்த எடையில் அறுபத்தெட்டைக் கழிப்பது. இரண்டாம் நாள் முந்நூற்றைம்பது வந்தது. பிறகு இருநூறு. பிறகு நூறு. அண்ணனின் முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"அம்மிணி, இதச் சித்தப் பாருங்க. நான் தப்பாப் போட்டுட்டனாட்ட இருக்குது."

பார்த்தேன். அறுபத்தேழு கிலோ தொள்ளாயிரம். அதில் அறுபத்தெட்டைக் கழித்தால் மைனஸ் நூறு கிராம். நூறு கிராம் கடனில் இருந்த அந்தப் பூனை, அண்ணனின் தோளில் உட்கார்ந்து அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்க மட்டும் போய் ஏறுங்க" என்றேன்.

"நான் எதுக்குங்க? நான் அறுபத்தெட்டுங்க."

"ஏறுங்கண்ணா."

ஏறினார். அறுபத்தேழு நானூற்றைம்பது. குட்டி ஐம்பது கிராம்தான் இளைத்திருந்தது. அண்ணன் அரைக் கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார். சரசக்கா வந்து தராசைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அஞ்சு நாளா இவரு தூக்குப்போசியத் தொறக்கவே இல்லீங்க. கொண்டாந்த சோறு அப்புடியே ஊட்டுக்குப் போவுது." மில்லே சிரித்தது. ஊரில் உள்ள வயிற்றையெல்லாம் படித்தவருக்குத் தன் வயிறு மட்டும் தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "அம்பது கிராம்னாலும் எறக்கந்தானுங்க. குட்டி நாளுக்கு நாள் ஏறோணும்" என்று முனகினார். அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் காலை கூடைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டபோது குட்டி எழுந்து வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உமியில் வைத்துக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பத்தாயிரத்துல ஒன்னு போனா கணக்குலயே வராதுங்க அம்மிணி. இது ஒன்னே ஒன்னு. இது போயிருச்சுன்னா நூறு சதவீதமும் போயிருச்சுன்னு அர்த்தமுங்க."

நான்தான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் ஸ்கூட்டரில் ஏற மறுத்தார், பள்ளத்தில் விழுந்தால் குட்டிக்கு அதிரும் என்று. ஆகவே தீவனம் ஏற்றும் மினி லாரியில், டிரைவரை இருபதைத் தாண்டவிடாமல், பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, கால்நடை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். குட்டியின் முதுகுத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் திரும்பியது. "உடம்புல தண்ணி வத்தியிருக்கு. என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அண்ணன் வெல்லத் தண்ணீரில் தொடங்கி இட்லி வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஒவ்வொன்றின் புரத அளவையும் சேர்த்தே சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"கோழித் தீவன மில்லுங்க. முப்பது வருசமுங்க."

"கோழிக்குத் தீவனம் மாத்தறப்ப எப்படி மாத்துவீங்க?"

அண்ணன் உற்சாகமாக ஆரம்பித்தார். "மொதல்ல கால் பங்கு கலக்கோணுமுங்க, அப்புறமேல்ட்டு அரைப் பங்கு" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

டாக்டர் நல்ல பெண், சிரிக்கவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, அதைத் தொடவே வேண்டாம் என்றார். கோழிக்கறியை உப்பில்லாமல், வெங்காயம் மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, மசித்து, வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு ஐந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. "வயிறு நேராகற வரைக்கும் இது ஒண்ணுதான். வேற ஆராய்ச்சி வேண்டாங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க, குட்டிகளுக்குன்னு இருக்கற தீவனத்துக்கு மெதுவா மாத்தலாம்" என்றார்.

"கோழிக்கறின்னா கவலையில்லீங்க. நம்ம தீவனம் தின்ன கோழிதானுங்க" என்றார் அண்ணன். அத்தனை நாளில் அவர் முகத்தில் தெளிச்சியைப் பார்த்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலமே குட்டி தலையைத் தூக்கியது. மறுநாள் எழுந்து நடந்தது. பேதி நின்றுவிட்டது. ஆனால் நின்றது நின்றதுதான், ஒன்றரை நாளாக வேறு எதுவும் வரவும் இல்லை. மில் முழுக்க இதே பேச்சு. மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே வரும்போது, "வந்துதுங்களாண்ணா?" போகும்போது, "இன்னும் வரலீங்களா?" முதலாளிகூட ஒருமுறை கண்ணாடிக் கதவைத் திறந்து, புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அதற்கடுத்த நாள் பதினொரு மணிக்குக் குட்டி கூடையை விட்டு இறங்கி, மூலையில் வைத்திருந்த உமித் தட்டில் ஏறியது. சுற்றிச் சுற்றி மோந்தது. காலால் குழி பறிக்க ஆரம்பித்தது. அண்ணன் கையைத் தூக்கி, "மிக்சர நிறுத்துங்க" என்றார். முப்பது வருடத்தில் பூசை நாள் தவிர வேலை நேரத்தில் நிற்காத தீவனக் கலவை மிக்சர் நின்றது. வாசலில் ஏழு லாரி காத்திருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. குட்டி எங்கோ பார்த்தபடி, மிகுந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தது. பிறகு இறங்கி, உமியைத் தள்ளி மூடிவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனது.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு குச்சியால் உமியை விலக்கினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கெட்டிங்க" என்றார்.

மில்லில் எழுந்த சத்தத்தைக் கேட்டு வாசலில் இருந்த டிரைவர்கள் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சரசக்கா தட்டு நிறைய ஜிலேபியோடு வந்துவிட்டார். ஒரு டிரைவர் ஜிலேபியை வாங்கிக்கொண்டு, "ஏனுங்க, பேரன் பொறந்திருக்கறானுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க, குட்டிக்கு வயிறு நேராயிருச்சுங்க" என்றார் அண்ணன். டிரைவர் ஜிலேபியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தின்றார்.

இன்றைக்கு அது ஐந்து கிலோ கடுவன் பூனை. மூட்டை அடுக்கின் உச்சியில் படுத்திருக்கிறது. மில்லில் எலி ஓடுகிறதே, இதைக் கொஞ்சம் பிடிக்க விடுங்கள் என்று, இப்போது வேறு வேலையில் இருக்கும் நான், போன மாதம் அங்கே போயிருந்தபோது கேட்டேன். "எலியெல்லாம் அதுக்கு ஒத்துக்காதுங்க அம்மிணி, புதுத் தீவனம்" என்று என்னையே முறைத்தார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஜிலேபி நாளில் நான் பார்த்தது. கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குட்டி அவர் மடியில் தூங்கியது. நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் மறுநாளே அந்த வேலையை விட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடிந்திருக்காது.