இரண்டாவது வாக்கு கேட்ட கதை

என்னைப் பெரிய புத்திசாலி என்று நானே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அது ஒரு சனிக்கிழமை பின்னேரத்தோடு முடிந்துபோனது.

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். உலகக் கிண்ணக் கொடிகள் சில பல்கனிகளில் வெளிறியபடி இன்னும் தொங்கிய இலையுதிர்காலம் அது. போட்டியில் மூன்று பேர்: மரக்கறிக் கடை சிவா அண்ணை, சங்கீதம் படிப்பித்த ரஞ்சி அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்த நான்.

முன்பெல்லாம் கை உயர்த்தித்தான் தெரிவு. யார் யாருக்கு உயர்த்தினார் என்பதில் தொடங்கும் கோபம் பொங்கல் வரை போகும். அதனால் ஹனோவரில் அரசியல் படித்துக்கொண்டிருந்த மதுராவைக் கூப்பிட்டோம். இரண்டு கிழமைக்கு முன்பே வந்து புது முறையை விளங்கப்படுத்தினாள். கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் எந்த நாட்டிலும் வாக்குப் போட்டதில்லை (ஜெர்மன் குடியுரிமைப் பாஸ் கிடைத்தால்தானே!).

“பேருக்கு நேர புள்ளடி போடுறேல்லை. விருப்பப்படி ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போடுங்கோ. முதல்ல ஒண்டாம் இலக்கங்களை மட்டும் எண்ணுவம். ஆருக்கும் பாதிக்கு மேல கிடைக்காட்டி, கடைசியா நிக்கிறவையை விலத்திப்போட்டு, அவைக்கு விழுந்த சீட்டுகளிலை ரெண்டாவது ஆர் எண்டு பார்த்து அந்த ஆளுக்குக் குடுப்பம்.”

இவ்வளவு தெளிவாகச் சொன்னதில் என் காதில் விழுந்தது ‘ரெண்டாவது’ என்ற ஒரு சொல் மட்டுமே. சிவா அண்ணையின் ஆட்கள் அவரை விடமாட்டார்கள். ரஞ்சி அக்காவின் ஆட்களும் அப்படித்தான். இரு பக்கத்திலும் இரண்டாவதை வாங்கிவிட்டால் வெற்றி எனக்குத்தானே! அன்றிரவே தொலைபேசியைத் தூக்கினேன்.

“அக்கா, முதலாவதை ரஞ்சி அக்காவுக்கே போடுங்கோ. ரெண்டாவதை எனக்குப் போட்டாக் காணும்.”

“அதுக்கென்ன பிள்ளை, கட்டாயம்!”

ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்த உற்சாகத்தில் சிவா அண்ணையிடமும் ரஞ்சி அக்காவிடமும் தனித்தனியாக, “என்ர ரெண்டாவது உங்களுக்குத்தான்” என்று வாக்குக் கொடுத்தேன். (இரகசியச் சீட்டுத்தானே, ஆர் பார்க்கப்போகினம்?)

தேர்தலன்று மொத்தம் ஐம்பத்தொன்பது சீட்டுகள். மதுரா எண்ணி முடித்து வாசித்தாள்.

“சிவா அங்கிள் இருபத்தொன்பது. ரஞ்சி அன்ரி இருபத்தொன்பது.” கொஞ்சம் தயங்கினாள். “வசந்தி அன்ரி... ஒண்டு.”

அந்த ஒன்றைப் போட்டது நான்தான். ஆனால் மண்டபம் முழுக்க என் கணவரைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்தவர் அவர் முதுகில் தட்டினார்.

“அண்ணை, மனிசிக்காக வடிவா நிண்டிட்டியள்!”

அவர் நெஞ்சில் கை வைத்து, அடக்கமாகத் தலையாட்டினார்.

“வெல்லுறதுக்கு முப்பது வேணும்,” என்றாள் மதுரா. “அன்ரியை விலத்திறம். அவவின்ர அந்த ஒரு சீட்டிலை ரெண்டாவது ஆர் எண்டு பார்ப்பம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு ‘இரண்டு’ போட்ட சீட்டுகள் எல்லாம் மற்ற இருவரின் குவியல்களிலும் பேசாமல் கிடந்தன. அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கப்போவது என்னுடையதை மட்டும்.

“ரெண்டாவது, ரஞ்சி அன்ரி. அவ வெண்டிட்டா!”

கைதட்டலுக்கு நடுவில் சிவா அண்ணை திரும்பினார். என் பக்கம் அல்ல, என் கணவர் பக்கம்.

“உம்மிட்டை இதை நான் எதிர்பார்க்கேல்லை.”

என் கணவர் பக்கத்துக் கதிரையைத் தூக்கினார். உண்மையைச் சொன்னால் மனைவிக்கு முதலாவது போடாதவர் ஆகிவிடுவார். நான் சொன்னால் எனக்கு நானே போட்டதும், சிவா அண்ணைக்குச் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளிவரும். இருவரும் அவசரமாகக் கதிரைகளை அடுக்கினோம்.

காரில் ஏறியதும் கேட்டேன். “நீங்கள் எனக்கு ஒண்டு போடேல்லையோ?”

“நீர்தானே ரெண்டு போடச் சொல்லி ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சனீர்? ரெண்டுதான் போட்டனான்.”

“அப்ப முதலாவது?”

“சிவா அண்ணைக்கு.”

ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரித்த சிரிப்பில் அவரால் காரை எடுக்கவே முடியவில்லை.

ரஞ்சி அக்கா சங்கத்தை நன்றாகவே நடத்தினார். எனக்கும் சனிக்கிழமைகள் மிஞ்சின. சிவா அண்ணை மட்டும் இரண்டு வருடமாக இவருக்கு முற்றிப்போன முருங்கைக்காயாகவே பொறுக்கிக் கொடுத்தார். இவரும் சத்தமில்லாமல் வாங்கிவந்து சப்பினார்.

இப்போது எங்களிடம் ஜெர்மன் பாஸ் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தல் அறிவித்தல் வரும்போதும் பிள்ளைகளிடம் இவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை:

“ஐம்பத்தொன்பது பேரிலை உங்கட அம்மாவுக்கு முதலாவது போட்டது ஒரே ஒராள். அந்த ஆளைத்தான் நான் கலியாணம் கட்டினனான்.”