பின் சீட்டுத் துரை

ஏலக்காய் விலை ஏறிய வருஷம் போடிநாயக்கனூருக்குள் பதினொரு வெளிநாட்டுக் கார்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு மந்திரிக்க ஒரு சாமியும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ‘கடல் தோஷ நிவர்த்தி பீடம்’ என்று பலகை. சாமியின் பெயர் திரைகடல் சித்தர். காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சத்துக்கு நடுவே ஒரு ஸ்பார்க் பிளக். பொழுது விடிவதற்குள் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். எதிரே டீக்கடை போட்டவன் ஆறே மாதத்தில் மாடி எடுத்துவிட்டான். அந்த வட்டாரத்தில் சித்தர் நிகழ்த்திய உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

சித்தரின் தத்துவம் ரொம்ப எளிமையானது. கடல் தாண்டி வருகிற வண்டி, பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆவியையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. மலைக் காற்று பட்டதும் துரை கண் விழிப்பார். விழித்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும். சித்தர் மந்திரித்தால் துரை தூங்குவார், விளக்கு அணையும். இதற்கு ஆதாரம் கேட்டவர்களுக்கு ஆதாரமும் வைத்திருந்தார்.

“வண்டி சேசிஸ் நம்பர்ல எத்தனை எழுத்து? பதினேழு. போடிமெட்டு மலையில எத்தனை கொண்டை ஊசி வளைவு? பதினேழு. இது தானா அமைஞ்சதாப்பா?”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உலகத்தில் ஓடுகிற முக்கால்வாசி கார்களுக்கும் பதினேழு எழுத்துதான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

ராசிங்காபுரத்திலிருந்து ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்தார். உள்நாட்டில் செய்த டிராக்டருக்கு ஏது கடல் தோஷம் என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகம். “டீசல் எங்கேருந்து வருது?” என்று கேட்டார் சித்தர். அவ்வளவுதான், டிராக்டருக்கும் தோஷம் பிடித்துவிட்டது. சித்தர் காசைக் கையால் தொடமாட்டார், பற்றற்றவர். தட்சிணையாக எட்டு மில்லிமீட்டர் பச்சை ஏலக்காய் மட்டும் வாங்குவார். அது ஏழு மில்லிமீட்டராக இருந்தால் தோஷம் கழியாது.

இந்தப் பக்தர்களில் முதல்வர் காசிமாயன். போடியில் பெரிய ஏலக்காய் வியாபாரி, போடிமெட்டுக்கு மேலே சொந்தத் தோட்டம் உள்ளவர். அவரிடம் இருந்தது லண்டன் கார். லண்டனில் வேலை பார்த்துத் திரும்பிய உசிலம்பட்டி டாக்டர் ஒருவர் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவர அந்த மனிதர் பட்ட பாட்டை அவரே சொல்லிக் கேட்கவேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதா, வண்டிக்கு எத்தனை வயது, ஒரிஜினல் பில் எங்கே, காப்பீடு எங்கே என்று துறைமுகத்தில் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வண்டியின் விலைக்கு மேலே வரி வாங்கினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது என்று புத்தகத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்த இரண்டு வருஷம் முடிந்த மறுநாளே காசிமாயன் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். லண்டனில் ஓட்டியது முழுக்க உசிலம்பட்டிக்காரர் என்றால் பின் சீட்டில் துரை எங்கே ஏறினார் என்று காசிமாயனும் கேட்கவில்லை, சித்தரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் டிரைவர் ஜக்கையன். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலையில் ஜீப்பு ஓட்டியவன். சாமி கும்பிடுகிறவன்தான், நாத்திகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். காரின் பிரேக் சரியில்லை.

சமதளத்தில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. மலை இறங்கும்போது நாலு வளைவுக்கு மேல் மிதித்துக்கொண்டே வந்தால் பெடல் கல்லாக இறுகும். சிவப்பு விளக்கு எரியும். பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற பம்ப் சோர்ந்துபோகிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கூடவே அவர் சொன்னதுதான் காசிமாயனுக்குக் கசந்தது. இந்த மாடல் இந்தியாவில் விற்கவே இல்லை. பம்ப் லண்டனிலிருந்து வரவேண்டும், கஸ்டம்ஸில் காகிதம் காட்டி எடுக்கவேண்டும், மூன்று மாதம் ஆகும். அதுவரை வண்டியை நிறுத்தி வைக்கவேண்டும்.

மூன்று மாதம் வண்டியை மூடி வைத்தால் ஊர் என்ன பேசும்? காசிமாயன் நேரே சித்தரிடம் போனார்.

சித்தர் காருக்குள் தனியாக ஏறி உட்கார்ந்தார். சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூலிகை வேரை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனார். சீடன் லிங்கேஸ்வரன் பத்தடி தள்ளி நின்று செல்போனைப் பார்த்து மந்திரம் படித்தான். பொட்டென்று சிவப்பு விளக்கு அணைந்தது. காசிமாயன் அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஜக்கையனுக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை மறைப்பானேன். விளக்கு அணைந்ததைத்தான் கண்ணாலேயே பார்த்துவிட்டானே.

மறுநாள் தோட்டத்திலிருந்து தனியாக இறங்கினான். ஆறாவது வளைவில் பெடல் இறுகியது. ஏழாவதில் ஏறி நின்று மிதித்தும் வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, உள்பக்கத்து மண் மேட்டில் கதவோடு உரசி, எப்படியோ நிறுத்தினான். எதிர்ப்பக்கம் பள்ளம். கீழே முந்தல் ஊரின் கூரைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, மெல்ல இறக்கிக் கொண்டுவந்து, நடந்ததை முதலாளியிடமும் சித்தரிடமும் சொன்னான்.

“நீ செருப்போட ஏறியிருப்ப” என்றார் சித்தர்.

“ஏப்பா ஜக்கையா, உனக்கு எத்தனை தடவை சொல்றது?” என்றார் காசிமாயன். கதவில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்தார். டிரைவரின் உடம்பில் கீறல் உண்டா என்று பார்க்கவில்லை. சித்தர் மறுபடி மந்திரித்தார், விளக்கு மறுபடி அணைந்தது, ஏலக்காய் மறுபடி அளக்கப்பட்டது.

அந்த வாரம் காசிமாயனின் மகள் வித்யா சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடியில் ரயில் ஏறவேண்டும். லண்டன் காரில்தான் இறங்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

“மொதலாளி, சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்த வண்டில எறங்க வேணாம். ஜீப்புல கொண்டுபோய் விட்டுர்றேன்.”

“என் மக ஜீப்புல போறதுக்கா நான் லண்டன் வண்டி வாங்கினேன்? வெள்ளிக்கிழமை சாமியே மேல வர்றாரு, மந்திரிச்சு அனுப்புவாரு. உனக்குப் பயமா இருந்தா சாவிய வச்சிட்டுப் போ. பிரபு ஓட்டுவான்.”

பிரபு வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சொன்னால் ஓட்டிவிடுவான். ஆறாவது வளைவு வரை நன்றாகவே ஓட்டுவான். ஜக்கையன் சாவியைக் கீழே வைக்கவில்லை.

நேரே போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் ஒயரிங் கடை வைத்திருக்கும் ரோஜாவிடம் போனான். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மனசை அரித்துக்கொண்டிருந்த ஒன்றையும் கேட்டான்.

“ஏம்மா, பழைய ஜீப்பு எதுக்குமே அந்தாளு வேரைக் கட்ட மாட்டேங்கிறாரு. வெறும் எலுமிச்சம்பழம்தான். துரை ஜீப்புல ஏற மாட்டாராம்.”

ரோஜா சிரிக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புச் சாமானை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதான் அண்ணே அந்த வேரு. ஸ்கேனர்னு பேரு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகணும். வண்டிக்கு என்ன கோளாறுன்னு செல்போன்ல எழுதிக் காட்டும். அழின்னு அமுக்கினா வெளக்கு அணைஞ்சுரும். கோளாறு எங்கயும் போகாது, அங்கனயேதான் இருக்கும். பழைய ஜீப்புல அந்த சாக்கெட்டே கெடையாது.”

“அப்ப இவ்வளவு நாளும்…”

“இவ்வளவு நாளும் நீங்க செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுனீங்க” என்றாள் ரோஜா. அவன் போகும்போது ஒரு சுருள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்து வீட்டு முற்றத்தில் திருவிழாக் கூட்டம். காய் எடுக்கும் பெண்கள், ஜீப்பு டிரைவர்கள், சித்தர் மலையேறுகிறார் என்று கேள்விப்பட்டுத் தங்கள் கார்களோடு வந்த போடிப் பிரமுகர்கள். காருக்கு முன்னால் படையல். துரை பொங்கல் சாப்பிட மாட்டாராம், அதனால் கேக்கும் ஒரு பாட்டில் சீமைச் சாராயமும். போன தடவை வைத்த பாட்டிலைத் துரை ஒரே ராத்திரியில் காலி செய்ததாகச் சீடன் பக்தியோடு சொன்னான். மறுநாள் தலைவலி என்று படுத்திருந்தது மட்டும் சித்தர்.

சித்தர் காரில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் சிவப்பு விளக்கு. வேரோடு கை ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. போன கை திரும்பவில்லை. தடவியது, குத்தியது, திருகியது. சித்தரின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. வெளியே லிங்கேஸ்வரன் இரண்டு தடவை மந்திரத்தைப் படித்து முடித்துவிட்டான். மூன்றாவது தடவை பொறுமை போயிற்று.

“சாமி, கனெக்ட் ஆகலையே” என்று கத்தினான்.

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கு இன்று அசைவம் வேண்டியிருக்கிறது என்று சித்தர் ஆரம்பித்தார்.

“அசைவம் வேணாம் சாமி, டேப்பை உரிச்சாப் போதும்” என்று ஜக்கையன் குனிந்து கைவிட்டுக் கறுப்பு டேப்பைக் கிழித்தெடுத்தான். சித்தர் கையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, உள்ளே இருந்த கறுப்புச் சாமானை எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சாக்கெட்டில் சொருகினான். “வித்யாம்மா, அந்தத் தம்பி கையில இருக்கற செல்போனைக் கொஞ்சம் வாங்கிப் படிங்க. என்ன மந்திரம்னு எல்லாரும் கேக்கட்டும்.”

லிங்கேஸ்வரன் கொடுக்காமல் இருந்திருப்பான். ஆனால் சுற்றி நின்ற ஜீப்பு டிரைவர்கள் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். வித்யா வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது.

“அப்பா, பிரேக் அழுத்தம் குறைவு, வண்டியை ஓட்டாதேன்னு எழுதியிருக்கு. போன தடவையும் இதேதான் வந்திருக்கு, அதுக்கு முந்தின தடவையும் இதேதான். ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டு அழிச்சிருக்காங்க.”

சொல்லிவிட்டு அழி என்பதை அமுக்கினாள். பொட்டென்று விளக்கு அணைந்தது. விபூதி இல்லை, விரதம் இல்லை, காலில் செருப்பு வேறு இருந்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? காசிமாயனுக்கு வேண்டியிருந்தது. ஒரு வருஷம் நம்பியதை ஒரு நிமிஷத்தில் விட மனிதனுக்கு மனசு வருமா? அவர் சித்தரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்படியோ வெளக்கு அணைஞ்சிருச்சுல்ல. சாமி கொண்டாந்த சாமான்தானே. கெளம்பலாம்ல?”

ஜக்கையன் பின் கதவைத் திறந்து பிடித்தான்.

“கெளம்பலாம் மொதலாளி. நான் ஓட்டுறேன். பிள்ளைக இருக்கட்டும், மொதல்ல சாமி ஏறட்டும். பதினேழு வளைவும் எறங்கி முந்தல்ல டீ சாப்பிட்டு வந்துருவோம். ஏறுங்க சாமி, துரை தூங்குறாருல்ல.”

சித்தர் ஓரடி பின்வாங்கினார். இன்று தனக்குப் பிரயாணம் ஆகாத நாள் என்றார். ஜீப்பு டிரைவர்கள் இரண்டு பேர் பக்தியோடு அவருடைய கைகளைப் பிடித்தார்கள். பின் சீட்டுப் பக்கம் மரியாதையாக நடத்திக்கொண்டு போனார்கள். கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சித்தர் அலறினார்.

“விடுங்கய்யா. பிரேக் இல்லாத வண்டில எவன்யா ஏறுவான்?”

அந்த மனிதர் போடிக்கு வந்த நாளிலிருந்து சொன்ன ஒரே உண்மை அதுதான்.

காசிமாயன் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். பெரியவன் காரின் பின் சீட்டில் ஏற்கனவே பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் தனக்கு என்று தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கிழவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஏலத்தில் காயை உரித்து, உள்ளே உள்ள அரி விதையை எண்ணி, முகர்ந்து, கடித்துப் பார்க்கிறவர். பச்சைச் சாயம் ஏற்றிய காயா என்று ஈரத்துணியில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு மூட்டை எடுக்காதவர். ஒரு வருஷமாகச் சாயத்தைக் கும்பிட்டிருக்கிறார்.

“ஜக்கையா, ஜீப்பைக் கொண்டா. வெரசா” என்றார்.

வித்யாவும் பிள்ளைகளும் ஜீப்பிலேயே இறங்கி ரயிலைப் பிடித்தார்கள். லண்டன் கார் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது. பம்ப் கேட்டு மறுநாளே கடிதம் போயிற்று. சித்தரும் சீடனும் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியில் ஏற்றப்பட்டார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். ராசிங்காபுரம் டிராக்டர்காரர்.

“சாமி, போறது போறீக, அந்த டீசலுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க.”

அவருக்குச் சொல்லவேண்டியதை நான் சொல்கிறேன். கடல் தாண்டி ஒரு கார் வந்தால் வயதைக் கேட்கிறோம், பில்லைக் கேட்கிறோம், இரண்டு வருஷம் சந்தேகத்தோடு காத்திருக்கிறோம். போடிமெட்டுச் செக்போஸ்டில் காய்கறி மூட்டையைக்கூடக் குத்திப் பார்க்கிறோம். காவி கட்டி வந்தவனை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, பெற்ற பிள்ளைகளைப் பிரேக் இல்லாத வண்டியில் ஏற்றிக் கையசைக்கிறோம். கழுத்துக்கு மேலேயும் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது ஐயா. அங்கே ஆளைப் போடுங்கள்.