சீர்வரிசையில் ஒரு டிரெட்மில்

அரியலூர் மண்டபத்து வாசலில் லோடு வண்டியிலிருந்து இறங்கிய சாமானைப் பார்த்ததும், பெண்ணைப் பெற்ற அமிர்தலிங்கம் அதை இரண்டு தடவை சுற்றிவந்தார். கறுப்பு ரப்பர் பட்டை போட்ட பலகை. தலைமாட்டில் டிவி மாதிரி ஒரு கண்ணாடி. குறுக்கே சிவப்பு ரிப்பன். முகூர்த்த நாளில் ரிப்பன் கட்டி மண்டபத்துக்கு வந்தால் அது சீர்தானே? ஆட்கள் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சீர்த்தட்டுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள்.

பந்தல் எலக்ட்ரீஷியன்தான் விளக்கம் சொன்னார். இதற்குப் பேர் டிரெட்மில், நின்ற இடத்திலேயே நடக்கலாம். நின்ற இடத்திலேயே எதற்கு நடக்க வேண்டும் என்பது அமிர்தலிங்கத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அனுப்பியது யார் என்பதில் மட்டும் குழப்பமில்லை. மச்சான் வெள்ளைச்சாமி, செந்துறைக்காரர். தாய்மாமன் சீர் காலையில் வண்டியில் வந்துவிடும், என்னவென்று மட்டும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆள் இன்னும் வந்து சேரவில்லை, போனைப் போட்டால் எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் கேட்டுவிட முடியுமா? காதுகுத்துக்கு அவர் போட்ட சங்கிலி கொஞ்சம் மெலிசோ என்று வாய் தவறிச் சொன்னதற்கே வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மகராசன். அவர் முறுக்கிக்கொண்டு வராமலே இருந்துவிட்டால், மகள் தென்றலைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துவர யார் இருக்கிறார்கள்?

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பாக்யலட்சுமி வந்துவிட்டார். பெரம்பலூர்க்காரர், பார்வையே கொஞ்சம் காரம். மிஷினைப் பார்த்தார். மேடையில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார்.

"எம்மவன் குண்டா இருக்கான்னு ஊரக் கூட்டிச் சொல்றீங்களா, சம்பந்தி?"

அமிர்தலிங்கம் பதறிப்போய், மாப்பிள்ளைக்கு இல்லைங்க, உங்கள் முட்டி வலிக்குத்தான் என்றார். சொன்ன வாயை அப்போதே தைத்திருக்கலாம். எனக்கு முட்டி வலி என்று உங்களிடம் வந்து அழுதேனா என்று அந்தம்மா கேட்டார். சரி, என் பெண்ணுக்குத்தான் என்று மாற்றினார். அப்படியானால் எங்கள் வீட்டில் உங்கள் பெண் சும்மா உட்கார்ந்து தின்னப் போகிறாளா என்று அடுத்த கேள்வி வந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்கடா, பெரம்பலூர் போவோம்."

நாதஸ்வரம் நின்றது. தென்றல் மணப்பெண் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அமிர்தலிங்கம் மிஷின் பக்கம் பாய்ந்தார். இந்தச் சனியன் அவமானமில்லை, உபயோகமான சாமான்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற ஒரே வேகத்தில் அதன்மேல் ஏறி நின்று, எலக்ட்ரீஷியனிடம் போடுய்யா சுவிட்சை என்றார்.

பட்டை ஓடியது. அவரும் ஓடினார். தோளில் கிடந்த துண்டு விழுந்தது. வேட்டி நழுவியது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கம்பியையும் பிடித்தபடி, "இருங்க சம்பந்தியம்மா, போயிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே ஓடினார். ஓடிக்கொண்டே இருந்தார், அங்கேயே இருந்தார்.

பாக்யலட்சுமி முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. அமிர்தலிங்கத்தை இறங்கச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு தானே ஏறினார். மெதுவாக ஓடவிட்டார்கள். நடக்க நடக்க முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு. வெயில்ல ரோட்டுல நடக்க வேணாம், நாய்த் தொல்லை இல்ல. சம்பந்தி, இது நேரா நம்ம வூட்டுக்குத்தான் போவணும். இதுல நடந்துகிட்டேதான் தாலி கட்டுறதப் பாப்பேன்."

நாதஸ்வரம் மறுபடி கிளம்பியது. அமிர்தலிங்கம் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மச்சான் புத்திசாலிதான், நாம்தான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று முதல்முறையாக வெள்ளைச்சாமியை மனதாரக் கும்பிட்டார்.

அப்போது வாசலில் பனியன் போட்ட, தோள் பெருத்த ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"சார், அடுத்த தெருவுல இன்னைக்கு என் ஜிம் திறப்பு விழா. தாய்மாமன் சீர்னு எழுதி ஒட்டின உங்க கட்டிலையும் மெத்தையையும் வண்டிக்காரங்க மாத்தி அங்க எறக்கிட்டுப் போயிட்டாங்க, அந்தம்மாவக் கொஞ்சம் எறங்கச் சொன்னீங்கன்னா நான் என் மிஷின எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."