கப்லா அண்ணன் கட்டிய காப்பு

காதலைப் பற்றிச் சகலமும் தெரிந்துகொண்டு, அந்த அறிவாலேயே காதலைக் கோட்டைவிடப் பார்த்தவர் இந்தப் பம்பாயில் ஒருவர்தான். தாராவியில் என் பக்கத்துக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், குடியிருந்தார். பை தைக்கும் கார்கானாவில் மெஷின் ஓட்டுபவர். முப்பத்தைந்து வயது பிரம்மச்சாரிக்குப் பேச்சுத்துணை செல்போன்தான்.

அந்தச் செல்போனில், ஓர் இந்தி வீடியோவில், யூதர்களின் பழைய மறைஞானம் அவரிடம் வசமாகச் சிக்கியது. கபாலா என்று பெயர். அதைக் காதலில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிக்கொடுக்க, இவர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். தாராவிக்காரர்கள் காதில் அது கப்லா என்றுதான் விழுந்தது. கப்லா என்றால் இந்தியில் தில்லுமுல்லு. அன்றிலிருந்து அவர் கப்லா அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரை ஆதார் கார்டு மட்டும் நினைவு வைத்திருந்தது.

"வே, மனுசன் ஒரு பாத்திரம். அன்பு வெளிச்சம். எனக்கு எனக்குன்னு வாங்குறவன் பாத்திரம் ஒடஞ்சிரும். குடுக்கணும்னு நெனைக்கிறவனுக்குத்தான் தங்கும்" என்பார்.

"நீங்க பைதானேண்ணே தைக்கிய?" என்றேன்.

"சரி, பைன்னே வச்சுக்கிடும்."

"அப்ப ஜிப்பு?"

"ஜிப்புதான்வே ஆசை. நெனச்ச நேரமெல்லாம் தொறக்கப்படாது." கண் இமைக்காமல் சொன்னார்.

அடுத்த பாடம் சுருங்குதல். உலகத்தைப் படைக்குமுன் கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு அதற்கு இடம் விட்டாராம். காதலிப்பவனும் அப்படியே சுருங்க வேண்டுமாம். பெண்டாட்டியோடு சண்டை போட்ட எதிர்க் கோலிக்காரருக்கு இதை உபதேசித்தார். மறுநாள் காலை அந்த அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏ கப்லாண்ணே! பத்துக்குப் பத்து கோலியில ஏழு பேரு கெடக்கோம். இதுல இன்னும் எங்க சுருங்க? மனுசன் சுருங்கிச் சுருங்கி ரோட்டுல போய்ப் படுத்திருக்காரு!"

"நல்ல முன்னேற்றம்" என்று அண்ணன் மெச்சிக்கொண்டார்.

ஊருக்கு உபதேசம் செய்வதோடு நின்றிருந்தால் சேதமில்லை. அதே கார்கானாவில் லைனிங் தைக்கும் செல்வி மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. செல்விக்கும் அவர் மேல்தான். அதனால் அண்ணன் தீவிரமாகச் சுருங்கினார். அவள் வந்தால் சுவரோடு ஒட்டுவார். அவள் ஊசி உடைந்தால் தன் ஊசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். கல்யாணம் என்ற சொல் மட்டும் வாயில் வராது. கேட்பது சுயநலமாம்.

இந்த அழகில் கையில் சிவப்புக் கயிறு வேறு. கண்ணேறு படாமலிருக்க இடது மணிக்கட்டில் கட்ட வேண்டும், தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் பை தைக்கும் நைலான் நூலை நான்காக முறுக்கிக் கட்டிக்கொண்டார். மூட்டை தூக்கினாலும் அறாத நூல்.

செல்வியின் அப்பா மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருப்பவர். ஒருநாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பய எந்தக் கோயிலுக்குவே காப்பு கட்டியிருக்கான்? எடது கையில கட்டியிருக்கான், அது என்ன மொறையோ. காப்பு கட்டுனவங்கிட்ட கல்யாணப் பேச்சு எடுக்கப்படாதேன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாச்சு. நம்ம அம்மன் கோயில் கொடைத் திருவிழாவே முடிஞ்சு போச்சு, இவன் அவுக்க மாட்டேங்கான். செம்பூர் மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஞாயித்துக்கெழம வாராக."

டீயைப் பாதியில் வைத்தேன். கார்கானாவுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். அண்ணனின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும், "தானா விழணும்லா" என்றார்.

"அண்ணே, அது நைலான்! உங்க எலும்பு மக்குனாலும் அது மக்காது!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த செல்வி எழுந்து வந்தாள்.

"நான் வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"கேக்கப்படாது செல்வி. குடுக்கத்தான்..."

"அப்ப குடுங்க. எங்கப்பாக்கு ஒரு பதிலக் குடுங்க. ஞாயித்துக்கெழம வேற எவன் முன்னாடியோ நான் காப்பித் தட்டோட நிக்கணும். நீங்க சுருங்குன எடத்துல அவன்தான் வந்து உக்காருவான். பரவால்லையா?"

வீடியோவில் இதற்குப் பதில் இல்லை போலும்.  அண்ணன் ரெக்சின் வெட்டும் கத்தியை எடுத்துக் கயிற்றில் வைத்தார். நான்கு முறுக்கு நைலான் லேசில் அறுபடவில்லை. செல்விதான் கத்தியை வாங்கி அறுத்தாள்.

"வேணும்" என்றார் அண்ணன். "நீ எனக்கு வேணும் செல்வி." மெஷின் இரைச்சலில் கேட்டிருக்காதோ என்று பயந்து இன்னொரு தடவை கத்தினார். அதற்குள் எல்லா மெஷினும் நின்றுவிட்டிருந்ததால் சந்து முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெக்சின் தூசி என்று சமாளித்தேன்.

சட்டைப் பித்தான்களைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே பெண் கேட்கப் போனார். கல்யாணம் முடிந்து இருவரும் மான்குர்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறிப் போய் வருவேன். அண்ணனைக் கிண்டல் செய்யப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். உண்மை என்னவென்றால், அந்த மனுஷனைப் பார்க்காத வாரம் எனக்கு ஏனோ முடிந்த மாதிரியே இருப்பதில்லை.