கட்டம் ஏழு: மீட்டவர் பெயர்

எங்கள் கால்நடைக் காப்பகத்தில் சேர ஒரு விலங்குக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். அது ஆபத்தில் இருந்திருக்க வேண்டும். அதை யாராவது மீட்டிருக்க வேண்டும். அந்த வெள்ளாட்டுக்கு முதல் தகுதி தாராளமாக இருந்தது. இறைச்சிக் கடையிலிருந்து வந்திருந்தது. இரண்டாவதில்தான் இடித்தது. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, தானே நடந்து வந்துவிட்டது.

“யார் மீட்டது?” என்றார் கண்காணிப்பாளர். நான் பதிவேட்டுடன் நின்றேன்.

“யாருமில்ல சார், அதுவாவே வந்துச்சு,” என்றாள் தீவனம் வைக்கும் அக்கா.

“கட்டம் ஏழுல ‘அதுவாவே’ன்னு எழுத முடியுமா? முறைப்படி இது அத்துமீறி நுழைஞ்ச ஆடு. எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே விட்டுடுவோம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போய் முறையா மீட்டுக்கலாம். படம் எடுக்க ஆள் வருது.”

மாடுகளைக் கட்டிப்பிடித்து மன அமைதி பெற வரும் எங்கள் புரவலர்களுக்குப் படம் இல்லாத மீட்பு பிடிக்காது.

மூவரும் ஆட்டைக் கொண்டுபோனோம். கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். “நல்லவேளை! வியாழக்கிழமை பத்தரைக்கு வெட்டணும்.”

அக்கா கயிற்றை விடவில்லை. “அண்ணே, ஒரு அரை மணி தள்ளி வெட்டக் கூடாதா?”

“எனக்கென்னம்மா. சொல்லி வச்சவங்க கோவிச்சுக்குவாங்க.”

“யாரு அவங்க?”

அவர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். “சார் வீட்லதான்.”

கண்காணிப்பாளர் அசரவில்லை. “அது வீட்டு விஷயம். இது ஆபீஸ் விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. புதுக் கயிற்றின் நுனி கழுத்தில் தொங்க, ஆடு மறுபடி எங்கள் வாசலில் நின்றது.

“அங்க ஆடு இல்லன்னா பதினொரு மணிக்கு எதை மீட்கிறது? வேன்ல ஏத்துங்க,” என்றார் கண்காணிப்பாளர்.

“ஏத்த மாட்டேன் சார்.” அக்கா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “வேணும்னா என்னையும் சேர்த்து ஏத்துங்க.”

அலுவலகத்தில் நான் வாய் திறப்பது அபூர்வம். அன்று திறந்தேன். “சார், மீட்டவர்னு ஆட்டையே எழுதிட்டா?”

“மீட்கிறவர் நம்ம ஊழியரா இருக்கணுமே.”

“மீட்பு உதவியாளர் பதவி நாலு வருஷமா காலிதானே சார்.”

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஊழியருக்கு எத்தனை கால்கள் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. மதியத்துக்குள் நியமன ஆணை தயாரானது.

ஊழியராகிவிட்டதால் தீவனம் கிடையாது. சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அக்கா தன் டப்பாவில் பாதியைக் கொடுத்தாள். மாதக் கடைசியில் கையெழுத்துக்காக வருகைப் பதிவேட்டை நீட்டினோம். புது உதவியாளர் அதைத் தின்றுவிட்டார்.

தலைமை அலுவலகம் விசாரித்தது. அந்த மாதம் நாங்கள் யாரும் வேலைக்கு வந்ததற்குச் சான்று இல்லை. மிஞ்சிய அட்டையில் பல் தடம் இருந்ததால், உதவியாளர் மட்டும் வந்தது உறுதியானது. எனவே, எங்கள் விளக்கங்களைப் பெற்றுப் பரிசீலிக்கும் பொறுப்பு, வருகை நிரூபணமான அந்த ஒரே ஊழியரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இப்போது கொட்டகை வாசலில் வரிசையாக நிற்கிறோம். முதலில் கண்காணிப்பாளர், ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் விளக்கக் கடிதம்.

“மேடம், போன மாசம் நான் ஒரு நாள்கூட லீவு போடலை. உங்களுக்கே தெரியும்.”

மேடம் இரண்டையும் முகர்ந்தார். கீரையை விட்டுவிட்டுக் கடிதத்தை வாயில் எடுத்துக்கொண்டார்.

வரிசையில் அடுத்தது நான்.