மூக்கண்ணனும் தொட்டிப் பசங்களும்

பிள்ளைகளா, வெள்ளானூரில் நம் குடியிருப்பின் முப்பது வீட்டு ரகசியமும் தெரிந்த ஒரே ஆள் மூக்கண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கடைசித் தெருவில் இருக்கிற கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். நீங்கள் அப்போது கைக்குழந்தைகள்.

தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாக்கடை மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "இன்னாமா, நேத்து பூரியா? எண்ணெய ஊத்திட்ட போலகீதே?" என்று எதிர்வீட்டு டீச்சரம்மாவைக் கேட்டார்.

"யோவ், எங்க வீட்டு பூரிய நீ எதுக்குய்யா மோந்து பாக்குற?"

"துன்னது நீ. செரிக்க வேண்டியது என் பசங்க."

பசங்க என்றால் தொட்டியில் வாழும் கிருமிகள். கண்ணுக்குத் தெரியாத அவைதான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கின்றன. கோடை விடுமுறையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தபோது, "பசங்க பட்டினியா கீறானுங்க" என்று வருத்தப்பட்டார். உங்கள் அம்மா இரக்கப்பட்டு நாலு இட்லி கொடுத்தனுப்பினாள். ஒன்றைத் தொட்டியில் போட்டார். மூன்றை அவரே சாப்பிட்டார்.

அதற்கடுத்து வந்த பொங்கலுக்கு வீடு கழுவினோம். டைல்ஸ் கறை போகவில்லை என்று நான் இரண்டு கேன் ஆசிட் வாங்கி, ஒன்றை முழுதாகக் கவிழ்த்தேன். டைல்ஸ் பளபளத்தது. தொட்டியில் பசங்கள் மொத்தமும் செத்துப்போனார்கள்.

தொட்டித் தண்ணீர் பாய்வது ஊர்க்காரர் ஒருவரின் கீரைத் தோட்டத்துக்கு. மறுநாளே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாபா, சாக்கடைய அப்டியே உட்டுகினு கீறீங்க? ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். அப்பால மண்ணு மூட்ட வெச்சு பைப்ப அடச்சிடுவேன்."

அடைத்தால் முப்பது வீட்டுக் கழிவும் அவரவர் கழிவறை வழியாகவே திரும்பி வரும். மூக்கண்ணனுக்கு வேலையும் போகும். யாரோ ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லியும் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடித் தொட்டியிலிருந்து பசங்கள் உயிரோடு இருக்கிற சேறு கொண்டுவந்து ஊற்றினால் நம் தொட்டி பிழைக்கும் என்றார் மூக்கண்ணன். லேத் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒரு கேன், அவர் மடியில் இரண்டு.

"அண்ணாத்தே, கேன்ல இன்னா?" என்றார் டிரைவர்.

"பசங்கபா. மெதுவா ஓட்டு, குலுங்குனா தாங்க மாட்டானுங்கோ."

அடுத்த ஸ்டாப்பில் மற்ற பயணிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இப்படி நாலு நடை. அத்தனை சேற்றையும் ஊற்றி, சாணமும் வெல்லமும் கரைத்துவிட்டு, காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினார். எட்டிப் பார்த்து, "துன்றானுங்க, துன்றானுங்க" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை கீரைக்காரர் மூட்டைகளோடு வந்தார். மூக்கண்ணன் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். தெளிந்திருந்தது.

"எங்க, குடிச்சிக் காட்டு."

"மூஞ்சி கழுவிக் காட்டறேன். குடிக்க எனக்கு இன்னா பைத்தியமா?"

கழுவியும் காட்டினார். கீரைக்காரர் சிரித்துவிட்டார். மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பின.

"ஆசிட் ஊத்துனது யாருன்னு சொல்லுங்க" என்று டீச்சரம்மா மூக்கண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு எல்லாரும்தான் கழுவுனீங்கோ. உடுமா" என்றார்.

கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், இன்னொரு ஆசிட் கேன் கீது இல்ல? அத்த கடையிலயே திருப்பிக் குட்த்துடு." முதல் நாளே நம் வாசல் மூடியைத் திறந்தபோது ஆசிட் வாடையை மோந்து, வாசலோரம் இருந்த மற்ற கேனையும் பார்த்திருக்கிறார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் தொட்டியருகே தனியாக நின்றேன். கழிவு உள்ளே வருகிற கம்பித் தடுப்பில் பிளாஸ்டிக்கும் முடிக்கற்றையும் சேர்ந்திருந்தன. முதுகுவலியோடு அவர் தினமும் குனிந்து வாருகிற குப்பை. நீளக் கம்பு போட்ட வாரியை எடுத்து முழுவதும் வாரினேன். அவர் திரும்பி வருவதற்குள் வாரியைக் கழுவி, இருந்த இடத்திலேயே சாய்த்துவைத்துவிட்டு வந்தேன்.